பிளஸ் ஒன்னில் எந்தக் கணக்கு?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளில் குரூப் பிரிப்பது பெரும்பாலும் ஏணிப்படி போலத்தான் நடக்கிறது. மதிப்பெண் கூடியவர்களுக்கு பயோ மேத்ஸ், அடுத்தவர்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், மிஞ்சியவர்களுக்கு காமர்ஸ். கணக்கு இங்கே அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது, அதைப் படித்து என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. மேலே படிப்பதற்கான வாசல்களை வைத்துப் பார்த்தால், கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட எந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்பதே சரி.

பதினைந்து வயதில் கணக்கை விடுவது, மற்றப் பாடங்களை விடுவதைப் போல அல்ல. தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200 என்றால் அதில் 100 கணிதத்துக்கு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதுதான். நாகர்கோவிலைச் சுற்றிய இந்த மாவட்டம் கடலை நம்பி வாழ்வது. கப்பல் அதிகாரியாகும் நாட்டிகல் சயின்ஸ் படிப்புக்கும் இயற்பியல், வேதியியலோடு கணிதம் வேண்டும். தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் செல்லும் என்பார்கள். செல்லும்தான், ஆனால் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) எழுத்துத்தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்குப் போகிறது. சரக்கல்விளையில் பிறந்து 2018இல் இஸ்ரோ தலைவரான கே. சிவன், நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் படித்தது பி.எஸ்சி. கணிதம். அதை வைத்துத்தான் பின்னால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்குப் போனார். இன்றைக்கும் பி.எஸ்சி. முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், ஆனால் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். முதலில் தவறவிட்ட வாசலுக்குப் பின்வாசல் உண்டு என்றால், அதற்கும் சாவி கணக்கிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் டாக்டராக வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கும் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீட் தேர்வின் 720இல் 360 உயிரியலுக்கு. கணிதத்துக்குத் தனியாக ஒன்றும் இல்லை. இயற்பியல் கேள்விகளுக்குத் தேவையான வெக்டரும் எளிய நுண்கணிதமும் இயற்பியல் பாடத்தோடு சேர்த்தே படித்துவிடக்கூடியவை. மருத்துவம், நர்சிங் என்று தெளிவாக இருப்பவர், கணிதம் இல்லாத அறிவியல் குரூப் எடுப்பதில் குறைவு ஒன்றுமில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பயோ மேத்ஸ் எடுத்து, நீட் பயிற்சிக்கும் ஓடி, ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று நிற்பவர்கள்தான் இரண்டிலும் மதிப்பெண் இழக்கிறார்கள். எனினும் மனம் இன்னும் முடிவாகாத, கணக்கில் தடுமாற்றமும் இல்லாத பிள்ளை அந்தச் சுமையைச் சுமப்பதே நல்லது என்று நினைக்கிறேன். விட்டதைத் திரும்பப் பிடிப்பது இரண்டு வருடப் பாரத்தைவிடக் கடினம்.

யாரும் சரியாகக் கவனிக்காத பாடம் வணிகக் கணிதமும் புள்ளியியலும். ‘கணக்கு வராதவனுக்குக் காமர்ஸ்’ என்ற பேச்சில் இது அடிபட்டுப் போகிறது. மாநிலப் பாடநூலைத் திறந்து பாருங்கள்: அணிகள், நுண்கணிதம், ஒட்டுறவு, கூறெடுப்பு, செயல்முறை ஆராய்ச்சி எல்லாம் இருக்கின்றன. லாரிக்கு எந்தச் சரக்கை எந்த வழியில் அனுப்பினால் செலவு குறையும் என்பதைக் கணக்கிடும் முறையே அதில் ஒரு பாடம். சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும் கலந்தது. பொருளாதாரமோ தரவுப் பகுப்பாய்வோ படிக்கப் போகிறவருக்கு, சாதாரணக் கணிதத்தில் வரும் கலப்பெண்களைவிட இந்தப் புள்ளியியல் கூடுதலாக உதவும். இயற்பியலும் வேதியியலும் அந்தக் குரூப்பில் இல்லாததால் பொறியியலுக்கு இது வழியாகாது, அவ்வளவுதான். பல பள்ளிகளில் காமர்ஸ் எடுப்பவருக்கு இதற்குப் பதில் கணினிப் பயன்பாடுகள் பாடம் மட்டுமே கிடைக்கிறது. சேரும் முன்பே கேட்க வேண்டியது அதைத்தான்.

2021இல் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ சில பொறியியல் படிப்புகளுக்குப் பிளஸ் டூ கணிதம் கட்டாயமில்லை என்று சொன்னதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. சேர்க்கையில் தளர்வு வந்ததே தவிர, கல்லூரிக்குள் இருக்கும் பொறியியல் கணிதத் தாள் போய்விடவில்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போவதும் தாழ்ந்த வழி அல்ல: இஸ்ரோவின் இன்றைய தலைவர் வி. நாராயணன், மேலகாட்டுவிளைக்காரர், டிப்ளமோவில் தொடங்கியவர். ஆனால் டிப்ளமோவிலும் முதல் வருடமே கணக்கு காத்திருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறிய பிள்ளைக்கு, பிளஸ் ஒன் கணிதப் பாடநூலின் முக்கோணவியலையும் வணிகக் கணிதத்தின் நிதியியல் பாடத்தையும் கோடை விடுமுறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் படித்துப் பார்க்கச் சொல்லலாம். எதில் பேனா தானாக ஓடுகிறது என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது.