பிரித்த செட் எங்கே போகிறது?

நின்றுபோன ஒரு டிவி விளையாட்டு நிகழ்ச்சி இருபது வருடம் கழித்துத் திரும்ப வருகிறது. அதே நிறம், அதே மேடை, அதே விளக்கு. பார்க்கிறவர்கள் உடனே கேட்பார்கள்: "இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தார்கள்?" பெரும்பாலும் எங்கேயும் வைத்திருக்கவில்லை. நீங்கள் பார்ப்பது புதிதாகப் போட்ட செட். பழையது எப்போதோ குப்பை லாரியில் போய்விட்டது. ஏன் அப்படி ஆகிறது, எதையாவது வைத்திருக்கிறார்களா, எதை வைத்திருந்தால் பின்னால் உதவும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஷூட்டிங்குக்கும் ஷூட்டிங்குக்கும் நடுவில் செட்டை எடுத்துவைப்பது வேறு. நிகழ்ச்சியே நின்ற பிறகு எடுத்துவைப்பது வேறு. முதலாவது, இந்தத் தொழிலில் தினசரி வேலை. அமெரிக்காவில் இத்தகைய நிகழ்ச்சிகளை ஒரே நாளில் ஐந்தாறு எடுத்துவிடுவது பழைய வழக்கம். ஒரு வாரத்துக்கான சரக்கு ஒரு நாளில் முடிந்துவிடும். மீதி நாள்களில் அந்த ஸ்டுடியோவைச் சும்மா விடுவார்களா? லாஸ் ஏஞ்சலிஸில் 1952இல் திறந்த டெலிவிஷன் சிட்டியின் 33ஆம் எண் ஸ்டுடியோவில், 1970களில் 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியும் எடுத்தார்கள், 'மேட்ச் கேம்' நிகழ்ச்சியும் எடுத்தார்கள். ஒன்றைப் பிரித்து ஓரங்கட்டினால்தான் இன்னொன்றை நிறுத்த முடியும். அதனால் செட்டைப் போடும்போதே பிரிப்பதற்குத் தோதாகப் போடுவார்கள். ரீப்பர் சட்டத்தில் பிளைவுட் அடித்த தட்டிகள்; ஒன்றோடொன்று சேர்க்க, ஊசியை உருவினால் கழன்றுவிடும் கீல்கள்; கனமான பொருளுக்கெல்லாம் அடியில் சக்கரம். தட்டியின் பின்பக்கத்தில் எண் எழுதியிருக்கும். எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் என்று தெரிந்த நாலு ஆள் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேலை முடிந்துவிடும். லண்டனில் 1960இல் திறந்த பிபிசி டெலிவிஷன் சென்டரை வட்டமாகக் கட்டியதற்கும் இது ஒரு காரணம். ஸ்டுடியோக்கள் வட்டத்தைச் சுற்றி இருக்கும். செட் சாமான்கள் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து நேரே உள்ளே போகும்.

இந்தக் கலையின் உச்சம் 'தி பிரைஸ் இஸ் ரைட்'தான். பொருள்களின் விலையைச் சரியாகச் சொல்லிப் பரிசு வாங்கும் நிகழ்ச்சி. 1972 செப்டம்பரில் இப்போதைய வடிவத்தில் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆறு விலை விளையாட்டு வரும். ஆனால் சுழற்சியில் இருப்பவை 70க்கும் மேல். ஒவ்வொன்றும் தனியாக ஒரு குட்டி செட். மலையேறும் பொம்மை ஒன்று, விலை தப்பத் தப்ப உச்சியை நோக்கி நகரும். 1983இல் வந்த பிளிங்கோவில், ஆளுயரத்தைத் தாண்டிய பலகையின் மேலிருந்து வட்டச் சில்லைப் போட்டால் முளைகளில் தட்டித் தட்டிக் கீழே வந்து ஏதோ ஒரு பள்ளத்தில் விழும். அன்றைக்குத் தேவையான ஆறு விளையாட்டுகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவார்கள். கதவு திறக்கும், சுழல்மேடை திரும்பும், விளையாட்டு முன்னால் நிற்கும். மற்றவை ஓய்வெடுக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பலகைகள் இத்தனை வருடம் பிழைத்திருப்பது யாரோ பத்திரமாகப் பூட்டிவைத்ததால் இல்லை. அவ்வப்போது வெளியே வந்ததால். வெளியே வரும்போதெல்லாம் ஒரு ஆசாரி பார்க்கிறார், பெயின்டர் பார்க்கிறார், எலக்ட்ரீஷியன் பார்க்கிறார். கழன்ற திருகை முறுக்குகிறார்கள், மங்கிய எழுத்தை மறுபடி எழுதுகிறார்கள். 2008இல் நிகழ்ச்சி எச்.டி. என்ற நுண்துல்லியப் படத்துக்கு மாறியது. 2023இல் டெலிவிஷன் சிட்டியை விட்டு கிளெண்டேல் நகரத்தின் ஹேவன் ஸ்டுடியோவுக்குக் குடிபெயர்ந்தபோது விளையாட்டுகளும் கூடவே போயின. ஐந்து சென்ட்டிலிருந்து ஒரு டாலர் வரை இருபது எண் எழுதிய, ஜனங்கள் எம்பிப் பிடித்து இழுக்கும் அந்தப் பெரிய சக்கரமும் போனது.

நின்றுபோன நிகழ்ச்சியின் கதி வேறு. முதல் பிரச்சினை குடோன் வாடகை. நிகழ்ச்சி நின்ற அன்றே அதன் கணக்கும் மூடப்படுகிறது. வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவது? இரண்டாவது, சொந்தக்காரர் யார் என்பது. நிகழ்ச்சியின் உரிமை ஒருவரிடம், ஒளிபரப்பிய சேனல் வேறு, செட்டைப் போட்டது மூன்றாவது ஆள். 'மேட்ச் கேம்', 'தி பிரைஸ் இஸ் ரைட்' இரண்டையும் உருவாக்கிய மார்க் குட்ஸன் – பில் டாட்மன் கம்பெனியின் உரிமைகள் கை மாறி மாறி இன்று ஃப்ரீமேன்டில் நிறுவனத்திடம் இருக்கின்றன. உரிமைப் பத்திரத்தை ஃபைலில் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோகலாம். இருபதடி அகல மேடையை அப்படிக் கொண்டுபோக முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் காலத்தில் நிகழ்ச்சியையே யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 1964 முதல் 1975 வரை என்.பி.சி. சேனலில் வந்த முதல் 'ஜெபர்டி' வினாடி வினா 2,700 தடவைக்கு மேல் ஒளிபரப்பானது. அதில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சொற்பம். டேப் விலை அதிகம் என்று அழித்து அழித்து மறுபடி பதிவு செய்தார்கள். டேப்பையே வைக்காதவர்கள் பிளைவுட்டை வைத்திருப்பார்களா?

சரி, யாரோ மனம் வைத்து வாடகை கட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பொருள் நிற்காது. செட் என்பது வீடு இல்லை. சில வருடம் தாங்கினால் போதும் என்று போட்டது. ஈரம் பட்டால் எம்.டி.எஃப். பலகை ஊதிவிடும். நுரைப்பஞ்சில் செதுக்கிய தூண் உதிரும். ஒட்டிய வினைல் சுருளும். பழைய எண் காட்டும் பெட்டிகளுக்குள் சின்னச் சின்ன பல்பு வரிசைகள். அந்த பல்பு இன்று எளிதில் கிடைக்காது.

எல்லாம் நல்ல நிலையில் இருந்தாலும் கேமரா ஒத்துக்கொள்ளாது. பழைய அமெரிக்க டிவியின் படம் 525 கோடுகளால் ஆனது. அந்தக் கண்ணுக்குப் பெயின்டரின் தூரிகைத் தடம் தெரியாது, ஆணித்தலை தெரியாது, இரண்டு தட்டிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியும் தெரியாது. எச்.டி. கேமரா எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். தவிர, அன்றைய திரை கிட்டத்தட்டச் சதுரம். அந்தச் சட்டத்துக்கு அளவெடுத்துப் போட்ட மேடையை இன்றைய அகலத் திரையில் எடுத்தால் இரண்டு பக்கமும் செட் முடிந்துபோய் ஸ்டுடியோ சுவர் தெரியும்.

ஆகவே 2016இல் ஏ.பி.சி. சேனலில் 'மேட்ச் கேம்' திரும்ப வந்தபோது எல்லாம் புதிதாகவே செய்தார்கள். ஆனால் 1970களின் ஆரஞ்சு நிறம் வந்தது. மேலே மூவர், கீழே மூவர் என்று பிரபலங்கள் உட்காரும் இரண்டடுக்கு வந்தது. அன்றைய தொகுப்பாளர் ஜீன் ரேபர்ன் பிடித்திருந்த அந்த நீளமான ஒல்லி மைக்கைப் போலவே ஒன்று புதிய தொகுப்பாளர் அலெக் பால்ட்வினின் கையிலும் இருந்தது. பழைய ரசிகருக்கு அந்த மைக் ஒன்றே போதும்.

சில சமயம் பழைய கருவியைத் திரும்பக் கொண்டுவராததே நல்லது. 'பிரஸ் யுவர் லக்' சி.பி.எஸ்.ஸில் 1983 முதல் 1986 வரை வந்தது. 18 கட்டம் கொண்ட பலகையில் வெளிச்சம் துள்ளித் துள்ளி ஓடும்; போட்டியாளர் பொத்தானை அமுக்கும்போது அது எங்கே நிற்கிறதோ அதுதான் கிடைக்கும். கட்டங்களில் தெரிந்த படங்கள் ஸ்லைடு புரொஜெக்டரிலிருந்து விழுந்தவை. வெளிச்சம் ஓடுவதற்கு ஐந்தே ஐந்து வரிசைகள்தான் வைத்திருந்தார்கள். ஒஹாயோவைச் சேர்ந்த மைக்கேல் லார்சன் என்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரர் வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துவிட்டார். 1984இல் ஒரே ஆட்டத்தில் 1,10,237 டாலர் வென்றார். அவர் செய்ததில் சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. சேனலும் பணத்தைக் கொடுத்தது. 2019இல் நிகழ்ச்சி மறுபிறவி எடுத்தபோது பலகை முழுக்க டிஜிட்டல் திரை. வெளிச்சம் கட்டம் கட்டமாக ஓடுவது மாத்திரம் மாறவில்லை. அதுதானே விளையாட்டு?

பிரிட்டனின் 'தி கிரிஸ்டல் மேஸ்' கதை எனக்கு மிகவும் பிடித்தது. சேனல் 4இல் 1990 முதல் 1995 வரை வந்தது. ஒரு குழு அஸ்டெக், இடைக்காலம், எதிர்காலம், தொழிற்சாலை என்று நான்கு உலகங்களுக்குள் ஓடி, புதிர்களை விடுவித்து, பளிங்குகளைச் சேர்க்கும். கடைசியில் கண்ணாடிக் கூண்டுக்குள் காற்றில் பறக்கும் தங்கத் தாள்களைப் பிடிக்கும். இரண்டாவது வருடத்திலிருந்து செட் நின்றது நார்த் வீல்ட் விமானத் தளத்தின் ஒரு ஹேங்கருக்குள். தண்ணீர், மணல், சுரங்கம், ஏணி எல்லாம் நிஜமாகவே கட்டியது. இவ்வளவு பெரியதை எங்கே வைப்பது? நிகழ்ச்சி முடிந்தது, செட்டும் போனது.

இருபது வருடம் கழித்து, சாதாரண மக்கள் பணம் கட்டி விளையாடும்படி லண்டனில் அதை மறுபடி கட்டலாம் என்று சிலர் இணையத்தில் நிதி கேட்டார்கள். 9 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2016இல் அது திறந்தது. அதே வருடம் புற்றுநோய் நிதிக்காகச் சேனல் 4 எடுத்த சிறப்பு நிகழ்ச்சியை அந்தப் புது இடத்திலேயே எடுத்தார்கள். அடுத்த வருடம் தொடர் முறையாகத் திரும்பியபோது பிரிஸ்டல் நகர ஸ்டுடியோ ஒன்றில் மறுபடியும் புதிதாகக் கட்டினார்கள். அதற்கு வடிவம் தந்தவர் ஜேம்ஸ் டில்லன். 1990இன் செட்டை வடிவமைத்தவரும் அவரே. ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. ஆனாலும் பார்த்தவர்களுக்கு அது அந்த இடமாகவே தெரிந்ததற்குக் காரணம், அதை முதலில் யோசித்த மனிதர் இருந்தார், அவர் மறுபடியும் வந்தார். மரத்தை விட இது பெரிய சேமிப்பு.

இதற்கு நேர் எதிர், 'தி கிரிஸ்டல் மேஸ்' உருவாகவே காரணமான பிரெஞ்சு நிகழ்ச்சி 'ஃபோர் போயார்'. அதன் செட்டைப் பிரிக்கவே முடியாது. பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலுக்குள் நிற்கும் கல்கோட்டை அது. 1857இல் கட்டி முடித்தது. 1990 முதல் அங்கே எடுக்கிறார்கள். வேறு பல நாட்டுக் குழுக்களும் முறை வைத்து வந்து, அதே அறைகளில் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டு போகும். செலவைப் பலர் பகிர்வதால் செட் நிற்கிறது. 'வைப்அவுட்' வகைத் தடையோட்ட நிகழ்ச்சிகளிலும் இதே வழி இருந்தது: அர்ஜென்டினாவில் ஒரே மைதானம், நாட்டுக்கு ஒரு குழு. நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. சென்னைக்கு வெளியே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் தமிழ் பிக் பாஸ் வீடு 2017இல் எழுந்தது. அடுத்தடுத்த சீசன்களுக்கு உள்ளே மாற்றி மாற்றி அலங்கரித்தார்கள். மலையாளப் பிக் பாஸையும் அதே வளாகத்தில் எடுத்தார்கள்.

பொருளையே வைக்காமல், செய்முறையை மட்டும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. 1998இல் பிரிட்டனில் வந்த 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' இதில் முன்னோடி. ஆண்டி வால்ம்ஸ்லி வரைந்த அந்த வட்ட அரங்கு, அடியிலிருந்து ஒளி வரும் கண்ணாடி போன்ற தரை, நடுவில் எதிரெதிரே இரண்டு உயர நாற்காலி எல்லாம் ஒரு கையேடாக உலகம் முழுக்கப் போயின. உரிமை வாங்குகிறவருக்கு செட் வராது. செட்டின் அளவுகள் வரும். 2000இல் இந்தியில் அமிதாப் பச்சன் உட்கார்ந்ததும், 2012இல் விஜய் டிவியின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யில் சூர்யா உட்கார்ந்ததும் அந்த வரைபடத்தின் மேல்தான். பிரிட்டனில் 2014இல் நின்ற நிகழ்ச்சி 2018இல் வேறு ஊர், வேறு ஸ்டுடியோவில் திரும்பியபோதும் யாருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை.

செட்டையே கிட்டத்தட்ட இல்லாமல் செய்துகொள்வது இன்னும் ஒரு வழி. பிபிசியின் 'மாஸ்டர்மைண்ட்' வினாடி வினா 1972இல் தொடங்கியபோது அதற்கு செட் என்று சொல்ல இருந்தது ஒரு கறுப்பு நாற்காலியும் அதன் மேல் விழும் வெளிச்சமும். உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் கைதியாகி கெஸ்டபோவின் விசாரணைக்கு ஆளானவர். அந்த நினைவிலிருந்து பிறந்த காட்சி அது. பல்கலைக்கழகம், கல்லூரி என்று ஊர் ஊராகப் போய் எடுத்தார்கள். 1997இல் நின்றபோது நாற்காலியைத் தொகுப்பாளர் மேக்னஸ் மேக்னஸனுக்கே கொடுத்துவிட்டார்கள். 2003இல் பிபிசியில் திரும்ப வந்தது. வேறு நாற்காலி, அதே கறுப்பு, அதே தனிமை.

இன்று ஒரு நிகழ்ச்சி நின்றால் அதன் கலை இயக்குநரிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். தட்டிகள் போகட்டும். விளையாட்டை நடத்தும் ஒரு பொருள், அந்தச் சக்கரமோ பலகையோ நாற்காலியோ, அதை எடுத்துவையுங்கள். அளவு போட்ட வரைபடங்களை முழுசாக வையுங்கள். பெயின்ட் நிறத்தின் எண், துணியின் மாதிரி, விளக்குகள் எங்கே தொங்கின என்ற படம், கேமராக்கள் எங்கே நின்றன என்ற குறிப்பு. செட்டின் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள்; முன்பக்கத்தை லட்சம் பேர் பார்த்திருப்பார்கள், பின்பக்கத்தைப் பார்த்தவர் பத்துப் பேர்தான். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பீரோவுக்குள் அடங்கும்.

பெற்றுக்கொள்ள இடமும் இப்போது இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள தி ஸ்ட்ராங் என்ற விளையாட்டு அருங்காட்சியகம், விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு தேசிய ஆவணக் காப்பகத்தை 2021இல் அறிவித்தது. தயாரிப்பாளர்கள் ஹோவர்ட் புளூமென்தால், பாப் போடன் இருவரும் அதற்கு முன்னின்றார்கள். அரங்குப் பொருள்களும் காகிதங்களும் தொழிலில் இருந்தவர்களின் நேர்காணல்களும் அங்கே சேர்கின்றன. தமிழ் சேனல்கள் போட்டுப் பிரித்த செட்டுகளுக்கும் இப்படி ஒரு காப்பகம் வேண்டும். வரைந்தவர்களும் போட்டவர்களும் நம்மோடு இருக்கும்போதே தொடங்கினால் நல்லது.