மணற்கேணியும் வடிகுழாயும்

கல்வியின் இயல்பை விளக்கவந்த வள்ளுவர் மணற்கேணியை உவமையாக எடுத்தாண்டார். தோண்டுந்தோறும் நீர் ஊறுவது போலக் கற்குந்தோறும் அறிவு பெருகும் என்பது அதன் கருத்து. வகுப்பறையில் இதனை விளக்கும்போது நாம் ஊறுதலை மட்டுமே எண்ணுகிறோம். மணற்கேணிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. தோண்டத் தோண்ட நீர் ஊறும். கூடவே மணலும் சரியும். நீரை உள்ளே விட்டு மணலை வெளியே நிறுத்துவது எவ்வாறு? இவ்வினாவுக்கு மனிதன் கண்ட விடைகளுள் ஒன்றே வடிகுழாய். பாலாற்றங்கரையில் வாழும் நாம் அதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

உறைகிணறு முதல் வடிகுழாய் வரை

தமிழர் இவ்வினாவுக்குப் பழங்காலத்திலேயே விடை கண்டனர். சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அமைத்த உறைகிணறுகள் கீழடி, அரிக்கமேடு முதலிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பக்கச் சுவர் சரியாமல் உறை காத்தது. நீர் பெரிதும் அடியிலிருந்து ஊறியது. குறுகிய குழாயை ஆழத்தில் இறக்கி எந்திரத்தால் நீர் இறைக்கும் காலம் வந்தபோது அடி ஊற்று மட்டும் போதவில்லை. குழாயின் பக்கங்களும் நீரை வாங்க வேண்டியதாயிற்று. அதற்கெனக் கண்கள் இடப்பட்ட குழாயே வடிகுழாய். பொறியாளர் இதனை ‘ஸ்கிரீன்’ என்பர். துளையிடுவோர் ‘ஸ்ட்ரெய்னர்’ என்றும் ‘பில்டர் பைப்’ என்றும் வழங்குவர்.

எல்லாக் கிணறுகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. நம் பகுதியின் பெரும்பரப்பு கெட்டிப் பாறை. அங்கே ஆழ்துளைக் கிணறு இடும்போது மேலுள்ள மண்ணையும் சிதைந்த பாறையையும் கடக்கும்வரை மூடிய உறைக்குழாய் இறக்குவர். அதற்குக் கீழே பாறை தானே நிற்கும். அதன் வெடிப்புகளின் வழியே நீர் வரும். ஆற்றுப் படுகையோ முற்றிலும் வேறானது. நந்தி மலைப் பகுதியில் தோன்றி 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கிறது. அம்மணலின் அடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொணர்ந்தவர் நம் முன்னோர். நகரங்களுக்குக் குடிநீர் தர ஆற்றுக்குள் அமைக்கப்பட்ட நீர் உறிஞ்சு கிணறுகளும் அந்த மணல்நீரையே நம்பியவை. இங்கேதான் வடிகுழாயின் வேலை தொடங்குகிறது.

கண்ணின் அளவு

வடிகுழாயின் கண் பெரிதாயின் மணல் உள்ளே புகுந்து பம்பைத் தேய்க்கும், கிணறும் தூர்ந்துபோகும். சிறிதாயின் நீர்வரத்து குன்றும். கண்ணும் விரைவில் அடைபடும். ஆதலால் கண்ணின் அளவைக் கடைக்காரர் சொல்லக்கூடாது. மணல் சொல்ல வேண்டும்.

துளையிடும்போது வெளிவரும் மணலை ஆழவாரியாக எடுத்து உலர்த்திப் பல அளவுச் சல்லடைகளில் அடுத்தடுத்துச் சலிப்பர். எந்தப் பருமன் எத்தனை விழுக்காடு என்பது அதனால் புலனாகும். பருமணல் மிக்க படுகையில், மணலில் ஏறத்தாழ 60 விழுக்காடு கடந்து செல்லவும் எஞ்சிய 40 விழுக்காடு வெளியே நிற்கவும் தக்க கண்ணைத் தேர்வர். மணலை வேண்டுமென்றே உள்ளே விடுவதா என்று மாணவர் வினவலாம். கிணறு அமைந்தவுடன் அழுத்தக் காற்றாலோ வேறு முறையாலோ நீரை அலைத்து இறைக்கும்போது நுண்மணல் முழுவதும் வெளியேறிவிடும். பருமணல் குழாயைச் சுற்றி நின்று இயற்கையான வடிகட்டியாக அமையும். பின்னர் மணல் வருவது நின்றுவிடும்.

நுண்மணல் மிக்க இடத்தில் இம்முறை பயன்படாது. அங்கே துளையை அகலமாக இட்டு, குழாயைச் சுற்றிக் கூழாங்கல் நிரப்புவர். படுகை மணலின் நடுத்தரப் பருமனைப் போல் 4 முதல் 6 மடங்கு கல்லின் பருமன் இருத்தல் வேண்டும். மணல் அரை மில்லிமீட்டர் என்றால் கல் 2 முதல் 3 மில்லிமீட்டர். அக்கல்லில் 90 விழுக்காட்டைத் தடுத்து நிறுத்தும் அளவில் கண் அமையும். மணலைக் கல்லும் கல்லைக் குழாயும் தடுத்து நிறுத்தும் ஒழுங்கு இது.

கண்களின் மொத்தப் பரப்பும் கருதத்தக்கது. நீர் கண்ணுக்குள் நுழையும் வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டரை மிஞ்சலாகாது என்பது பொறியாளர் பொதுவாகக் கொள்ளும் விதி. வேகம் மிகுந்தால் மணல் இழுபடும். நீரில் கரைந்த சுண்ணாம்பும் இரும்பும் கண்ணில் படிய வழி ஏற்படும். 15 சென்டிமீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உடைய வடிகுழாயை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பில் 5 விழுக்காடு திறப்பாயின், விதிப்படி நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 லிட்டர் எடுக்கலாம். 20 விழுக்காடு திறப்பாயின் 1000 லிட்டருக்குச் சற்று மேல். குழாய் ஒன்றே, நீர் நான்கு மடங்கு.

இவ்விரண்டாம் வகையைத் தருவது கம்பி சுற்றிய வடிகுழாய். நெடுக நிறுத்திய தண்டுகளின்மேல் ஆப்பு வடிவக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, தொடும் இடந்தோறும் பற்றவைப்பர். கம்பியின் அகன்ற முகம் வெளிப்புறமாக நிற்கும். அதனால் கண் வெளியே குறுகியும் உள்ளே விரிந்தும் அமையும். வாயிலைக் கடந்த மணல் இடையில் சிக்காமல் உள்ளே விழுந்துவிடும். பித்தளைக் குழாயில் இதே உள்விரிந்த கண்ணை வெட்டிய ‘குக்’ வகை வடிகுழாயை இந்தியப் பாசனப் பொறியியல் நூல்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருகின்றன. வடிகுழாய்களுக்கு ஐ.எஸ். 8110 என்னும் இந்தியத் தர நிர்ணயமும், சுற்றி நிரப்பும் கல்லுக்கு ஐ.எஸ். 4097 என்பதும் உள்ளன.

உலோகமும் உப்பும்

சாதாரண எஃகு மலிவானது, ஆனால் துருப்பிடிக்கும். துரு கண்ணை அடைக்கும் அல்லது அரித்துப் பெரிதாக்கும். துருப்பிடிக்கா எஃகைக் காப்பது அதிலுள்ள குரோமியம். நம் ஊர்த் தொழிலுக்கு நன்கு அறிமுகமான பொருள் அது. தோலைப் பதமாக்கும் குரோமியமே எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுக்கிறது.

அப்படலத்துக்கும் ஒரு பகை உண்டு, அது குளோரைடு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க இடும் கறியுப்பு, தோலை ஊறவைக்கும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. நிலத்தடி நீரை அடையும் அவ்வுப்பு எஃகுப் படலத்தை ஊசிமுனை போலத் துளைக்கிறது. இத்தகைய நீரில் 304 வகை எஃகை விட, மாலிப்டினம் சேர்ந்த 316 வகை நன்கு தாங்கும். மேலும், துருப்பிடிக்கா எஃகு வடிகுழாயைச் சாதாரண எஃகுக் குழாயோடு நேரே இணைத்தால் உப்புநீரில் மின்வேதி அரிப்பு மூளும். இணைப்பையொட்டிய சாதாரண எஃகே முதலில் கெடும்.

வடிகுழாயின் எல்லை

இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். வடிகுழாய் மணலைத் தடுக்கும். கரைந்த உப்பைத் தடுக்காது. எத்துணை நுண்ணிய கண்ணும் குரோமியத்தைப் பிரித்தெடுக்காது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தர நிர்ணயம், கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது. மாற்று நீர் இல்லாவிடத்து 2000 வரை இசைகிறது. குரோமியத்துக்கோ 0.05 மில்லிகிராமே எல்லை. தெளிந்த நீரும் இவ்வெல்லைகளைத் தாண்டியிருக்கக்கூடும்.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உலகறிந்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறிய ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியையும் நிலைநாட்டியது. ஆயினும் 2025 ஜனவரியில் அந்நீதிமன்றமே பாலாற்றின் நிலையை மீண்டும் ஆராய்ந்து ஆணையிட நேர்ந்தது. இத்தொழில் நம் மக்களுக்குச் சோறிட்டது. நம் கல்விக்கூடங்கள் பலவற்றுக்கும் கொடை தந்தது. அந்த நன்றியுணர்வே, கெட்ட நீரைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் கடமையையும் நமக்குத் தருகிறது.

ஆற்றுமணல் அள்ளப்படுவதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. மணலே முதல் வடிகட்டி, வடிகுழாய் இரண்டாவதுதான். மணல் போன படுகையில் எந்த உலோகமும் நீரைத் தேக்கி வைக்காது.

கிணறு அமைத்துத் தருவதை நிலையான தருமமாகக் கருதும் பெரியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. ஆற்றோரக் கிணறாயின் மணலைச் சலித்துப் பார்த்த பின்னரே வடிகுழாய் வாங்குக. பாறைக் கிணறாயின் மேல்மண்ணின் கெட்ட நீர் இறங்காதவாறு உறைக்குழாயைச் சுற்றிச் சிமெண்டுக் குழம்பால் அடைத்துவிடுக. எக்கிணறாயினும் நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவைக் கிணற்றருகே எழுதி வைக்குக. மாணவர்கள் இப்பணிக்குத் துணைநிற்கலாம். சலிப்பதும் அளப்பதும் எழுதுவதும் அவர்களால் இயலும். வள்ளுவரின் மணற்கேணியைப் பாடமாகப் படிக்கும் தலைமுறை, தன் ஊர் மணற்கேணியையும் காக்கக் கற்றுக்கொள்ளட்டும்.