'பிரியாணி' என்று தேடினால் யார் கடை முதலில் வரும்? சாப்பாடு 'ஆப்' பட்டியலின் பின்னணி

சென்னை,

மழை பெய்தால் போதும், வீட்டுக்கு திடீர் விருந்தாளி வந்தால் போதும், "எதுக்கு அடுப்பை பத்த வைக்கணும், போன்லயே சொல்லிடலாம்" என்பது சென்னைவாசிகளின் வழக்கமாகி விட்டது. செல்போனை எடுத்து, ஸ்விக்கி அல்லது சொமாட்டோவை திறந்து, 'பிரியாணி' என்று டைப் செய்தால் கடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பலரும் முதல் ஐந்தாறு கடைகளைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஒன்றை தட்டி விட்டு டி.வி. பார்க்க போய் விடுகிறார்கள்.

ஆனால் அந்த முதல் ஐந்தாறு இடங்களில் யார் நிற்பது என்பதை முடிவு செய்வது யார்? ருசியா? விலையா? அல்லது காசா? கேட்பதற்கு சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் ஒரு ஓட்டலின் அன்றைய வியாபாரமும், சாப்பிடுபவரின் பில் தொகையும் இதில்தான் அடங்கி இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

முதல் சல்லடை

2008-ம் ஆண்டு டெல்லியில் ஓட்டல்களின் மெனு கார்டுகளை இணையத்தில் போடும் தளமாக தொடங்கியதுதான் இன்றைய சொமாட்டோ. ஸ்விக்கி 2014-ல் பெங்களூரில் பிறந்தது. அந்த காலத்தில் பட்டியல் என்றால் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் கடை, நல்ல மதிப்பெண் வாங்கிய கடை, அவ்வளவுதான். இன்று கதையே வேறு.

நீங்கள் ஆப்பை திறந்தவுடன் அது முதலில் பார்ப்பது நீங்கள் நிற்கும் இடத்தை. மயிலாப்பூரில் இருப்பவருக்கு தாம்பரம் கடையை காட்டி பயன் இல்லை. எந்தெந்த கடையில் இருந்து உங்கள் வீட்டுக்கு சூடு ஆறாமல் கொண்டு வர முடியும் என்று கணக்கு போடுகிறது. கடை திறந்து இருக்கிறதா, பக்கத்தில் டெலிவரி பையன்கள் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. மழை கொட்டும் நேரத்தில் வழக்கமாக வரும் கடை திடீரென காணாமல் போவதற்கு இதுவே காரணம். கடை மூடி இருக்காது. உங்கள் வீடு வரை வர ஆள் இருக்காது.

இந்த சல்லடையில் தப்பியவைதான் அடுத்த சுற்றுக்கு போகும்.

எப்படி எழுதினாலும் பிடிக்கும்

பிரியாணியை ஆங்கிலத்தில் எழுத சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். பரோட்டாவும் அப்படித்தான். ஒருவர் 'பரோட்டா' என்பார், இன்னொருவர் 'புரோட்டா' என்பார். லட்சக்கணக்கானவர்கள் எப்படி தப்பாக டைப் செய்தார்கள், அதன்பின் எதை ஆர்டர் செய்தார்கள் என்பதை கம்ப்யூட்டர் படித்து வைத்திருக்கிறது. அதனால் எப்படி எழுதினாலும் சரியான பண்டத்தை கண்டுபிடித்து விடுகிறது.

நீங்கள் தேடிய பெயரில் கடை இல்லாவிட்டாலும் அதே ரக சாப்பாடு தரும் கடைகளை காட்டும். தலப்பாக்கட்டு பிரியாணி கிடைக்காத ஏரியாவில் சீரக சம்பா பிரியாணி கடைகள் வந்து நிற்பது இப்படித்தான்.

மார்க் போடும் கம்ப்யூட்டர்

அடுத்ததுதான் முக்கிய கட்டம். மிச்சம் இருக்கும் ஒவ்வொரு கடைக்கும் கம்ப்யூட்டர் மார்க் போடுகிறது. பொதுவாக அது கேட்கும் கேள்வி ஒன்றுதான். 'இந்த ஆளுக்கு இந்த கடையை இந்த நேரத்தில் காட்டினால் ஆர்டர் செய்ய எவ்வளவு வாய்ப்பு?'

இதற்காக அது பார்க்கும் விஷயங்கள் ஏராளம். கடையின் மதிப்பெண், எத்தனை பேர் மதிப்பெண் போட்டார்கள், சமைக்க ஆகும் நேரம், தூரம், விலை, ஆர்டரை எடுத்து விட்டு 'ஸ்டாக் இல்லை' என்று எத்தனை முறை கைவிரித்தது, படம் போட்டிருக்கிறதா என்று பட்டியல் நீள்கிறது. நேரமும் முக்கியம். காலையில் இட்லி, பொங்கல் கடைகள் மேலே வரும். ராத்திரி 11 மணிக்கு அதே இடத்தில் பிரைடு ரைஸ் கடை நிற்கும்.

பிரியாணிக்கு எப்போதும் தனி மவுசு உண்டு. 2024-ம் ஆண்டில் மட்டும் தங்கள் மூலம் 8 கோடியே 30 லட்சம் பிரியாணி ஆர்டர் ஆனதாக ஸ்விக்கி கணக்கு சொன்னது. இவ்வளவு பெரிய சந்தையில் ஒரு இடம் மேலே போவதும் கீழே வருவதும் ஒரு ஓட்டலுக்கு லேசான விஷயமா?

ஆளுக்கு ஒரு பட்டியல்

ஒரே வீட்டில், ஒரே சோபாவில் உட்கார்ந்து கணவனும் மனைவியும் 'தோசை' என்று தேடினாலும் ஒரே பட்டியல் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் இதுவரை என்ன வாங்கினீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள், எந்த கடையை தட்டி பார்த்து விட்டு வாங்காமல் திரும்பினீர்கள் என்பதெல்லாம் பதிவாகிறது. சைவம் மட்டுமே வாங்குபவருக்கு சைவ கடை முன்னால் வரும். தள்ளுபடி இருந்தால் மட்டும் வாங்குபவருக்கு 'ஆபர்' கடைகள் வரிசை கட்டும்.

'உங்களுக்கு பிடிக்கும்' என்று வரும் சிபாரிசு எப்படி வருகிறது? உங்களைப்போலவே வாங்கும் ஆட்களை கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கிறது. நீங்களும் இன்னொருவரும் ஒரே நான்கு கடைகளில் வாங்குகிறீர்கள். அவர் ஐந்தாவதாக ஒரு கடையில் வாங்கினால், அந்த கடை உங்கள் திரையிலும் எட்டிப்பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர் "அந்த கடையில நல்லா இருக்குங்க" என்று சொல்வதைத்தான் கம்ப்யூட்டர் மொத்தமாக செய்கிறது.

4.8 வாங்கியும் கீழே ஏன்?

"4.8 ஸ்டார் கடை கீழே கிடக்குது, 4.3 கடை மேலே இருக்குதே, இது என்ன நியாயம்?" என்று பலர் கேட்கிறார்கள். இதற்கு நியாயமான ஒரு காரணமும் உண்டு.

புதுக்கடை ஒன்றுக்கு 12 பேர் மட்டும் மதிப்பெண் போட்டு 4.8 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 பேரும் முதலாளியின் சொந்தக்காரர்களாக கூட இருக்கலாம். அதனால் இதுபோன்ற தளங்களில் ஒரு கணக்கு போடுவார்கள். எல்லா கடைக்கும் ஏற்கனவே 50 பேர் சராசரியாக 4 மார்க் போட்டதாக வைத்துக்கொண்டு கூட்டுவார்கள். அப்படி கூட்டினால் 4.8 கடையின் மதிப்பு 4.15 ஆக இறங்கி விடும். 2,000 பேர் சேர்ந்து 4.3 கொடுத்த கடை 4.29-லேயே நிற்கும். எனவே அது மேலே வரும். (இந்த 50, 4 என்பது புரிவதற்காக சொல்லும் உதாரணம். கம்பெனிக்கு கம்பெனி மாறும்.)

ஆக, ஸ்டாரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. எத்தனை பேர் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

காசு கொடுத்தால் மேலே

இனிமேல்தான் விவகாரமே.

பட்டியலில் சில கடைகளின் ஓரத்தில் 'விளம்பரம்' என்பதற்கான ஆங்கில சொல் சின்ன எழுத்தில் இருக்கும். பல பேர் கண்ணில் அது படுவதே இல்லை. இந்த இடங்கள் காசுக்கு விற்கப்படுபவை. உங்கள் விரல் அந்த கடை மீது பட்டால் இத்தனை ரூபாய் என்று ஓட்டல்காரர் கட்டணம் கட்டுகிறார். நீங்கள் ஆர்டர் செய்யாமல் திரும்பினாலும் அவருக்கு காசு போனது போனதுதான்.

அதிக காசு கொடுப்பவர்தான் மேலே வருவாரா என்றால், அதுவும் இல்லை. ஒரு கடை தட்டலுக்கு 10 ரூபாய் தர தயார். ஆனால் 100 பேருக்கு காட்டினால் 2 பேர்தான் தட்டுவார்கள். வரவு 20 ரூபாய். இன்னொரு கடை 6 ரூபாய்தான் தரும். ஆனால் 100-க்கு 5 பேர் தட்டுவார்கள். வரவு 30 ரூபாய். இணைய விளம்பர ஏலத்தில் பொதுவாக ஜெயிப்பது இரண்டாவது கடைதான். ஏற்கனவே பெயர் வாங்கிய பெரிய ஓட்டலுக்கு விளம்பரம் மலிவாக முடிவதும், பெயர் தெரியாத சின்ன கடைக்கு கையை கடிப்பதும் இதனால்தான்.

மேலே இருப்பவர் மேலேயே

மேலே இருக்கும் கடையை அதிகம் பேர் பார்க்கிறார்கள். பார்ப்பதால் வாங்குகிறார்கள். வாங்குவதால் மார்க் ஏறுகிறது. மார்க் ஏறுவதால் மறுபடியும் மேலே வருகிறது. 'பணம் பணத்தோடு சேரும்' கதைதான். கீழே கிடப்பவர் என்னதான் ருசியாக சமைத்தாலும் யார் கண்ணிலும் படாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

இது கம்பெனிகளுக்கும் தெரியும். பட்டியல் மொத்தமும் பழைய கடைகளாகவே இருந்தால் வாடிக்கையாளருக்கு அலுத்து விடும். அதனால் புதுக்கடைகளுக்கு கொஞ்ச நாள் வலிய இடம் கொடுத்து சோதித்து பார்ப்பார்கள். ஊபர் ஈட்ஸ் நிறுவனத்தின் என்ஜினீயர்கள் 2018-லேயே இதை விளக்கி எழுதினார்கள். சாப்பிடுபவருக்கு பிடித்ததை காட்டுவதோடு, ஓட்டல்களுக்கும் நியாயமாக வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்ற இரண்டையும் தராசில் வைத்து பார்ப்பதாக அவர்கள் கூறினர். அந்த நிறுவனம் 2020 ஜனவரியில் தனது இந்திய தொழிலை சொமாட்டோவிடம் கொடுத்து விட்டு போய் விட்டது.

சின்ன கடைகளின் கதி

ஒரு சந்துக்குள் கணவன்-மனைவி சேர்ந்து நடத்தும் மெஸ்சை எடுத்துக்கொள்வோம். மதியம் ஒரு மணிக்கு நேரில் சாப்பிட கூட்டம் வந்து விட்டால், போனில் வரும் ஆர்டரை உடனே எடுக்க முடியாது. மீன் குழம்பு தீர்ந்து போனதை ஆப்பில் போய் மாற்ற நேரம் இருக்காது. வந்த ஆர்டரை கேன்சல் செய்வார்கள். கம்ப்யூட்டருக்கு மீன் குழம்பின் மணம் தெரியாது. 'இந்த கடை தாமதம் செய்கிறது, கேன்சல் செய்கிறது' என்பது மட்டும்தான் தெரியும். கடை இரண்டாவது பக்கத்துக்கு போய் விடும்.

மறுபடி மேலே வர தள்ளுபடி கொடுக்க வேண்டும், அல்லது விளம்பரம் கொடுக்க வேண்டும். ஆர்டருக்கு ஆர்டர் கமிஷன் வேறு இருக்கிறது. இத்தனையும் எங்கிருந்து வரும்? கடையில் ஒரு விலை, ஆப்பில் ஒரு விலை என்று வைக்கிறார்கள். கடைசியில் சுமை சாப்பிடுபவர் தலையில்தான்.

டெல்லி வரை போன புகார்

இந்த பட்டியல் விவகாரம் டெல்லி வரை போனது. 2021-ல் தேசிய உணவகங்கள் சங்கம், ஸ்விக்கி, சொமாட்டோ மீது இந்திய போட்டி ஆணையத்தில் புகார் செய்தது. சில கடைகளுக்கு மட்டும் சலுகை காட்டுகிறார்கள், நடுநிலை இல்லை என்பது புகாரின் முக்கிய அம்சம். 2022 ஏப்ரல் 4-ந்தேதி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. கடைகளுக்கு வரிசை போடும் நிறுவனமே அந்த வரிசையில் தனக்கு வேண்டிய கடையையும் வைத்திருந்தால் நடுநிலையாக இருக்க முடியுமா என்பது அதில் எழுந்த முக்கிய கேள்வி.

ஆணையத்தின் விசாரணை பிரிவு, இரண்டு நிறுவனங்களும் சில ஓட்டல்களுக்கு சாதகமாக நடந்து போட்டி சட்டத்தை மீறியதாக அறிக்கை கொடுத்த தகவல் 2024 நவம்பரில் வெளியானது. இது விசாரணை பிரிவின் அறிக்கைதான், ஆணையத்தின் இறுதி தீர்ப்பு அல்ல. தாங்கள் சட்டப்படியே நடப்பதாக சொமாட்டோ கூறி வந்துள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை 23-ந்தேதி மத்திய அரசு வெளியிட்ட மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் ஒரு முக்கிய அம்சம் உள்ளது. பலருக்கு இது தெரியாது. பல கடைகளை ஒரே இடத்தில் காட்டும் நிறுவனங்கள், எந்தெந்த முக்கிய காரணங்களை வைத்து வரிசை போடுகிறோம், எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை பாமரருக்கும் புரியும் எளிய மொழியில் தங்கள் தளத்திலேயே வெளிப்படையாக சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகளிலும் இதே போன்ற சட்டம் 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது.

விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாமல் மறைத்து காட்டுவதும் தப்பு. 2023 நவம்பர் 30-ந்தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தில்லுமுல்லுகளில் இதுவும் ஒன்று.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பட்டியல் வந்ததும் முதல் கடையை தட்டாதீர்கள். ஓரத்தில் விளம்பர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

* வரிசையை மாற்றும் வசதி ஆப்பிலேயே உண்டு. மதிப்பெண், விலை, டெலிவரி நேரம் என்று மாற்றி போட்டு பாருங்கள். புது கடைகள் கண்ணில் படும்.

* ஸ்டாரோடு எத்தனை பேர் மதிப்பெண் போட்டார்கள் என்பதையும் பாருங்கள்.

* பிடித்த கடை தெரியும் என்றால் பண்டத்தின் பெயரை விட்டு, கடையின் பெயரையே டைப் செய்யுங்கள்.

* தள்ளுபடியை பார்த்து மயங்காமல், எல்லா கட்டணமும் சேர்ந்த கடைசி பில்லை இரண்டு ஆப்பிலும் ஒப்பிடுங்கள்.

* கடை நடந்து போகும் தூரம் என்றால் போன் செய்து சொல்லி விட்டு நேரில் போய் வாங்கலாம். உங்களுக்கும் மிச்சம், கடைக்காரருக்கும் மிச்சம்.

குறை இருந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும் என்பது விதி. அப்படியும் பலன் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கலாம்.