எலி கொண்டுவரும் சேதி

கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஊரைக் காலிசெய்து வயற்காட்டில் குடிசை போட்ட காலம் தென்னிந்தியாவில் உண்டு. 1898இல் பிளேக் பெங்களூருக்குள் நுழைந்த பிறகு அந்தப் பயம் சுற்றுவட்டாரமெங்கும் பரவியது.

அது மூடநம்பிக்கை அல்ல. எலியின் ரோமத்துக்குள் சூட்டோடு வாழும் தெள்ளுப்பூச்சி, எலி செத்து உடல் ஆறியதும் இறங்கி வேறு உடம்பைத் தேடுகிறது. பிளேக் கிருமி அதன் தொண்டையை அடைத்துவிடுவதால் குடித்த ரத்தம் வயிற்றுக்குள் போவதில்லை. பசி தாங்காமல் மறுபடி மறுபடி கடிக்கிறது. கடிக்கும்போதெல்லாம் அடைபட்ட கிருமி நம் தோலுக்குள் கொட்டுகிறது. கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இரண்டிலிருந்து ஆறு நாள் ஆகலாம். செத்த எலியைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டால் அந்த நாட்கள் நம் கையில்.

கோலார், சித்தூர், கிருஷ்ணகிரி சந்திக்கும் மும்முனைப் பகுதி பிளேக்கின் பழைய இருப்பிடம். வயல் வளைகளில் வெள்ளெலிகளிடையே அது தங்கியிருந்தது. இப்பகுதியில் உறுதிசெய்யப்பட்ட கடைசி மனித நோயாளி 1966இல், கோலார் மாவட்டம் முல்பாகலில். பூச்சிகளும் விலங்குகளும் பரப்பும் நோய்களுக்கான தமிழக அரசின் நிறுவனம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. எலி மட்டுமல்ல, நாயும் சேதி சொல்லும். நோயுற்ற எலியைத் தின்ற நாய் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்; ஆனால் அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். ஒரு துளி நாய்ரத்தம்கூட அந்த வட்டாரத்தின் நோய்த் தகவல்தான்.

சேதி கிடைத்தால் போதாது, அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தொற்றுநோயைத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை என்று 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே சொன்னது. 2004இல் தொடங்கிய தேசிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள்: அறிகுறியை மட்டும் பார்த்து கிராம சுகாதார செவிலியர் நிரப்புவது எஸ், மருத்துவரின் சந்தேகம் பி, ஆய்வக முடிவு எல். நிச்சயம் கூடக்கூட நம் கையில் மிஞ்சும் நேரம் குறைகிறது. அதனால் "நாலு வீட்டில் காய்ச்சல்" என்ற செவிலியரின் வரியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இங்கே மாநில எல்லை ஒரு சிக்கல். கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வாடகை அறை, ஓசூர் சிப்காட்டில் வேலை என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தினமும் இருமுறை கடக்கிறார். அவருக்கு டெங்கு, ரத்தம் கொடுத்தது ஓசூர் ஆய்வகத்தில். ஏடிஸ் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதனால் தேட வேண்டிய தண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவில் என்பதை அவருடைய முகவரிதான் காட்டும். படிவத்தில் ஆய்வகத்தின் ஊர் மட்டும் இருந்தால் புகையடிக்கும் வண்டி தவறான தெருவுக்குப் போகும். அறையின் முகவரி மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. ஏடிஸ் பகலில் கடிக்கும். காய்ச்சலுக்கு நாலு முதல் பத்து நாள் முன்பு, வேலைநேரத்தில், ஆலையின் பழைய டயர்க் குவியலருகே அது கடித்திருக்கலாம். எங்கே தூங்குகிறார், பகலில் எங்கே நிற்கிறார் என்று இரண்டையும் கேட்டு எழுத வேண்டும். ஒரே காய்ச்சலுக்கான சேதி கிருஷ்ணகிரிக்கும் போக வேண்டும். அத்திப்பள்ளி அடங்கிய ஆனேக்கல் தாலுகாவைக் கவனிக்கும் பெங்களூரு நகர மாவட்டத்துக்கும் அன்றே போக வேண்டும்.