‘வெறும் வெத்தலைதான்மா!’ - வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

கிராமத்து வீட்டுத் திண்ணையில் சுகாதாரப் பணியாளர் ரத்த அழுத்தம் பார்க்கிறார். விரல் நுனியில் குத்தி சர்க்கரை அளவைக் குறித்துக்கொள்கிறார். அடுத்து, “பீடி, சிகரெட் பழக்கம் ஏதாவது உண்டா பாட்டி?” என்று கேட்கிறார். “எனக்கு எதுக்கும்மா அந்தக் கருமம்?” என்று பாட்டி சிரிக்க, ‘பழக்கம் இல்லை’ என்று பதிவாகிறது. ஆனால், பாட்டியின் இடுப்பில் இருக்கும் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டுப் புகையிலையும் இருக்கிறது.

தமிழகத்தின் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது. பாட்டி பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ‘வெறும் வெத்தலை’தான். கேட்ட கேள்வியில்தான் சிக்கல்!

கணக்கு சொல்லும் உண்மை

2016-17-ல் நடந்த உலகளாவிய வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதைத் தாண்டியவர்களில் 28.6 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவிகிதம். மெல்லுவது, உதட்டுக்குள் அடக்குவது என்று வேறு வழிகளில் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவிகிதம். அதாவது, புகைப்பவர்களைப்போல இரண்டு மடங்கு!

2009-10-ல் எடுத்த முதல் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் நாடு முழுக்க இந்தப் பழக்கம் குறைந்திருந்தது. தமிழ்நாட்டிலோ 16.2 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாக உயர்ந்திருந்தது. குட்கா, பான் மசாலா போன்றவற்றுக்கு 2013-லேயே இங்கு தடை வந்துவிட்டது. ஆனாலும், ஹான்ஸ், கூல் லிப் என்ற பெயர்கள் பள்ளி மாணவர்களுக்குக்கூடத் தெரிந்தவையாகவே இருக்கின்றன.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு விவரமும் உண்டு. முந்தைய 12 மாதங்களில் மருத்துவரையோ சுகாதாரப் பணியாளரையோ பார்த்த புகைப்பவர்களில், 48.8 சதவிகிதம் பேரிடம்தான் ‘இதை விட்டுடுங்க’ என்று சொல்லப்பட்டிருக்கிறது. மெல்லும் பழக்கம் உள்ளவர்களில் இது வெறும் 31.7 சதவிகிதம். மூன்றில் இரண்டு பேரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இத்தனைக்கும், இந்த இரு தரப்பிலும் ஏறத்தாழ பாதிப் பேர் விட்டுவிடும் எண்ணத்தில்தான் இருந்தார்கள்.

பசிக்கும் தூக்கத்துக்கும் துணை

புகையிலைப் பழக்கம் அதிகம் இருப்பது வருமானமும் படிப்பும் குறைந்த குடும்பங்களில். அங்கே பெரும்பாலும் இது ஜாலிக்காகப் பழகியது கிடையாது. நடவுக்குப் போகும் பெண் மதியச் சாப்பாடு வரை பசியை அடக்க வாயில் அடக்குகிறார். இரவில் லாரி ஓட்டுபவர் தூக்கம் விரட்டப் போடுகிறார். சாக்கடை அள்ளுபவருக்கு நாற்றத்தை மறக்க அது வேண்டும். பல் வலிக்குப் பல் டாக்டரைப் பார்க்கக் காசில்லாதவர், வலிக்கும் இடத்தில் ஒரு துண்டு வைக்கிறார். வலி போனாலும் பழக்கம் போவதில்லை.

இவர்களிடம் போய் ‘கேன்சர் வரும்’ என்று மட்டும் சொன்னால், ‘வரும்போது பார்த்துக்கலாம்’ என்ற பதில்தான் வரும். ‘எதுக்காகப் போடறீங்க?’ என்று கேட்டால்தான் பேச்சு ஆரம்பிக்கும். பல் வலி என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்பலாம். பசி என்றால் வேலைக்கு நடுவே சாப்பிடக் கொஞ்சம் வேர்க்கடலையோ பொரிகடலையோ முடிந்து எடுத்துப்போகச் சொல்லலாம். காரணத்துக்கு வழி சொல்லாமல் பழக்கத்தை மட்டும் பிடுங்க முடியாது.

திண்ணைக்கு உள்ள பலம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் இதன் மூலம் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர், பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்தான். ‘அக்கா’, ‘பெரியப்பா’ என்று உரிமையோடு பேசக்கூடியவர். ஒருமுறை சொல்லிவிட்டுப் போகாமல், அடுத்த முறை வரும்போது ‘என்னாச்சு?’ என்று விசாரிக்கவும் முடியும். புகையிலையை விடுவதற்கு இந்தத் தொடர் விசாரிப்புதான் முக்கியம்.

இதற்கு மணிக்கணக்கில் ஆலோசனை தேவையில்லை. ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் முறைக்கு 3 முதல் 5 நிமிடங்கள் போதும். பழக்கம் உண்டா என்று கேட்பது, விடச் சொல்வது, விடத் தயாரா என்று அறிவது, விட உதவுவது, மறுபடி சந்திக்க நாள் குறிப்பது என ஐந்தே படிகள்.

கேள்வியை மாற்றிக் கேட்டாலே பாதி வேலை முடியும். ‘புகையிலை பழக்கம் உண்டா?’ என்பதற்கு பதிலாக, ‘வெத்தலை போடுவீங்களா பாட்டி? அதுல போயிலை சேர்ப்பீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?’ என்று கேட்கலாம். பெண்களிடம், வீட்டு ஆண்கள் இல்லாத நேரத்தில் கேட்பது நல்லது. மாமியாருக்கும் கணவருக்கும் தெரியாமல் ஹான்ஸ் போடும் மருமகள், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டார்.

அவரவர் நோயோடு சேர்த்துச் சொல்லும்போது அறிவுரை நன்றாகப் பதியும். சர்க்கரை நோயாளியிடம் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் புண் ஆறாமல் போவதைச் சொல்லலாம். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரிடம், பீடியை விடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான் என்று புரியவைக்கலாம். சிலருக்குப் பணக் கணக்கு புரியும். தினம் 40 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 14,600 ரூபாய். பிள்ளையின் படிப்புச் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘போயிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டும்தான் போடறேன்’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

அந்த ஐந்து நிமிடங்கள்

விட்ட முதல் இரண்டு, மூன்று நாள்கள்தான் ரொம்பச் சிரமம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை வரும். சிலருக்கு மலச்சிக்கல் வரும். ‘பீடி பிடிச்சாதான் காலைக்கடன் முடியும்’ என்பவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். இதெல்லாம் நோயில்லை, உடம்பு நிகோட்டினைத் தேடுவதன் அடையாளம், சில வாரங்களில் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் குறையும்.

புகையிலை கேட்டு மனசு அலைபாயும் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், மூச்சை ஆழமாக இழுத்து விடலாம், சீரகமோ கிராம்போ வாயில் போடலாம், எழுந்து வேறு வேலை பார்க்கலாம்.

இதற்கும் அடங்காதவர்களுக்கு நிகோட்டின் சூயிங்கம் இருக்கிறது. மருத்துவர் ஆலோசனையோடு பயன்படுத்த வேண்டும். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. சில தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காபி குடித்த உடனே போட்டால் சரியாக வேலை செய்யாது.

விட்டவர் மறுபடி ஆரம்பிப்பதும் சகஜம். பலரும் சில முறை முயன்ற பிறகுதான் முழுசாக விடுகிறார்கள். அப்போது ‘அன்னிக்கே சொன்னேன்ல’ என்று திட்டினால், அடுத்த மாதம் உண்மையை மறைப்பார். ‘பத்து நாள் இருந்தீங்கல்ல, இந்தத் தடவை இருபது நாள் பார்ப்போம்’ என்றால் கதவு திறந்தே இருக்கும்.

வாயைத் திறந்து பாருங்கள்

இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. ஒரு டார்ச் லைட் போதும். வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரங்களாக ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமை... இவற்றில் எது இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புகையிலையை விட உதவி வேண்டுவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான ஆலோசனை கிடைக்கிறது. எண் புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால், படிக்கத் தெரியாதவருக்கும், துண்டுப் புகையிலையாக வாங்குபவருக்கும் அது கண்ணில் படாது. அவர்களுக்கு அந்த எண்ணைச் சொல்லி, தேவைப்பட்டால் தன் போனிலேயே அழைத்துக் கொடுக்கவும், வீடு தேடி வரும் அந்த ஒருவரால்தான் முடியும்.