நள்ளிரவு வேலை ஏன் நின்றது?

லினக்ஸ் சர்வர்களில் பேக்கப் போன்ற வேலைகளை நேரம் தவறாமல் ஓட்டுவது கிரான். அப்கிரேடு செய்த மறுநாள் அவை நின்றுபோனால் பழி அப்கிரேடின் மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி, எங்கும் எழுதிவைக்காத அனுமானம்தான். எடுத்துக்காட்டாக, 2020-இல் வந்த உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பை அப்கிரேடுக்காகப் புதிதாக நிறுவிய சர்வர்களில், பைத்தான் நிரல்மொழியை ஓட்டும் கட்டளை ‘பைத்தான்’ என்ற வெறும் பெயரில் தானாக வரவில்லை. ‘பைத்தான்3’ மட்டுமே இருந்தது. பழைய பெயரை நம்பிய ஸ்கிரிப்டுகள் முதல் வரியிலேயே விழுந்தன.

கையால் ஓட்டினால் ஓடுகிறதே என்பார்கள். நாம் லாகின் செய்யும்போது ஏறும் அமைப்புகளைக் கிரான் படிப்பதில்லை. கட்டளைகளைத் தேட அதற்குத் தெரிந்த இடங்கள் சிலவே. ஆகவே முழுப் பாதையை எழுதுங்கள். பிழைச்செய்தியை லாக் கோப்பில் சேமியுங்கள், காரணம் அங்கேயே அகப்படும். அப்கிரேடே வேண்டாம் என்பதும் தீர்வல்ல: பைத்தான் 2-க்கான ஆதரவை அதை உருவாக்கியவர்களே 2020 ஜனவரி 1-உடன் முடித்துக்கொண்டார்கள். நின்ற வேலையைச் சரிசெய்வது சில மணி நேரம். ஆதரவு முடிந்ததால் அடைபடாத பாதுகாப்பு ஓட்டையோ தீராத ஆபத்து.