மோட்டார் காயில் ஏன் கருகுகிறது? வோல்ட், ஆம்பியர் சொல்லும் கணக்கு



கோடையில் கிணற்று மோட்டாரின் காயில் கருகிப் போனால் நஷ்டம் இரண்டு பக்கம். காயில் கட்டுகிற கூலி ஒன்று. பட்டறையிலிருந்து மோட்டார் திரும்பி வரும்வரை பயிர் வாடுவது இன்னொன்று. "அண்ணாச்சி, பம்புசெட்டுக்குத்தான் கரண்ட் பில்லே கிடையாதே, நமக்கு எதுக்கு வோல்ட்டும் ஆம்பியரும்?" என்று சிலர் கேட்கலாம். கரண்ட் இலவசம்தான். மோட்டார் இலவசம் இல்லையே! அதைக் காப்பாற்றத்தான் இந்தக் கணக்கு.

பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டு முதல் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். மலையிலிருந்து குழாய் வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றிய அந்தத் தண்ணீர்தான் கீழே கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று பிரிந்து வயலுக்கும் வருகிறது. மின்சாரத்தையும் தண்ணீரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். தண்ணீர் விழுகிற உயரம் போன்றது மின் அழுத்தம். அதை வோல்ட் என்கிறோம். காலில் ஓடுகிற தண்ணீரின் அளவு போன்றது மின்னோட்டம், அது ஆம்பியர். கால் தூர்ந்து, அமலைச்செடி மண்டிக் கிடந்தால் ஓட்டம் தடைப்படுகிறது அல்லவா? அதுபோல மின்னோட்டத்துக்கு உண்டாகும் தடையை ஓம் என்ற அளவில் சொல்கிறோம். ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட விதி இது. அளவுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, அதாவது ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட்.

வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 240 வோல்ட்டில் அது 4 ஆம்பியர் இழுக்கிறது என்றால், 240-ஐ 4-ஆல் வகுக்கத் தடை 60 ஓம். பெருக்கினால் 960 வாட். அழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் என்ன ஆகும்? தடை அதே 60 ஓம்தான். 180-ஐ 60-ஆல் வகுத்தால் 3 ஆம்பியர். திறன் 540 வாட்தான். தண்ணீர் மெதுவாகச் சுடும், ஹீட்டருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

மோட்டார் விஷயம் நேர்மாறு. கிணற்றுத் தண்ணீரைத் தூக்குகிற பாரம், வோல்ட் குறைந்தது என்பதற்காகக் குறைந்துவிடாது. ரெட்டை மாட்டுக் கமலையில் ஒரு மாடு தளர்ந்தால் மற்ற மாடு சேர்த்து இழுத்து நுரை தள்ளும். அதுபோல வோல்ட் தளர்ந்தால் அந்தக் குறையை ஆம்பியர் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றின் தகட்டில் 415 வோல்ட், 7.5 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பேஸ் மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, அதை 1.732-ஆலும், பவர் பாக்டர் என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். பவர் பாக்டர் 0.83 என்றால் சுமார் 4,470 வாட் வரும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஐந்துக்கு 3,730 வாட். மீதி 740 வாட் எங்கே போச்சு? பெரும்பாலும் மோட்டாருக்குள்ளேயே சூடாகப் போய்விடுகிறது. முழு வோல்ட் இருக்கும்போதே இந்த நிலை. (415-ஐ 7.5-ஆல் வகுத்து, அதுதான் காயிலின் தடை என்று எண்ணிவிடாதீர்கள். ஓடுகிற மோட்டாரில் காந்தசக்தியும் மின்னோட்டத்தை எதிர்த்து நிற்கிறது.)

இனி, வோல்ட் 350-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே பாரத்தை இழுக்க மோட்டார் ஏறக்குறைய 9 ஆம்பியர் எடுக்கும். ஒன்றரை ஆம்பியர்தானே கூடியிருக்கு என்று இருந்துவிடக் கூடாது. கம்பியில் உண்டாகும் சூட்டுக்குக் கணக்கு வேறு: ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, பிறகு தடையால் பெருக்க வேண்டும். ஆம்பியர் 1.2 மடங்கு ஆனால் சூடு 1.44 மடங்கு. நூறு பங்கு சூடு இருந்த இடத்தில் நூற்று நாற்பத்து நாலு பங்கு! காயில் மேல் பூசிய வார்னிஷ் இதில்தான் கருகுகிறது.

இதே கணக்கு பியூஸ் கட்டைக்கும் பொருந்தும். துருப்பிடித்த திருகு, லூசான இணைப்பு, கையால் முறுக்கிவிட்ட ஒட்டு, இவற்றில் ஒரே ஒரு ஓம் தடை ஏற்பட்டால் போதும். 7.5 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 56 வாட் சூடு. ஏறக்குறைய ஒரு 60 வாட் குண்டு பல்பை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி! பெட்டி உருகாமல் என்ன செய்யும்?

கம்பியும் அப்படித்தான். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி 100 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.7 ஓம் தடை காட்டும். 7.5 ஆம்பியரில் ஒவ்வொரு கம்பியிலும் 5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. மூன்று கம்பிக்கும் சேர்த்துச் சுமார் 118 வாட் வீண். நீளம் இரண்டு பங்கானால் தடையும் இரண்டு பங்கு. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டு பங்கானால் தடை பாதி. மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் மெயின் சுவிட்சிலிருந்து தூரத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெல்லிய கம்பி வாங்கி மிச்சம் பிடித்த பணம், காயில் கட்டுவதிலேயே போய்விடும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

மோட்டார் தகட்டில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் ஸ்டார்ட்டர் அருகே சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர் இரண்டும் பொருத்துங்கள். ஓடும்போது ஆம்பியர் தகட்டு அளவைத் தாண்டி நின்றால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். "இந்த ஒரு பாத்தி பாயட்டும்" என்று விடாதீர்கள்.

ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறதே என்று அதன் அளவைக் கூட்டி வைக்க வேண்டாம். உங்கள் மோட்டாரைக் காக்கிற காவல்காரன் அது.

பியூஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டாதீர்கள். இணைப்புகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது, மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து முறுக்கிச் சரிபாருங்கள். ஈரக்கையோடு யாரும் பெட்டியைத் தொடக் கூடாது.

காலில் தூர் எடுக்காமல் தண்ணீரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அதுபோல, வோல்ட் குறைவதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் நம் கம்பியிலும் இணைப்பிலும் உள்ள தடையைக் குறைப்பதும், ஆம்பியர் ஏறும்போது சுவிட்சை அணைப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.